சிட்டாவும் பேரேடும்

கம்ப்யூட்டர் விஷயமாக யார் கூப்பிட்டாலும் 'நான் வெறும் பி.காம்.' என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். மனைவியின் தம்பியிடம் அது செல்லாது. உப்பூரில் ஐந்து கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு ஜெராக்ஸ் மெஷினோடு கடை வைத்திருக்கிறான். போன மாதம் போன் பண்ணினான்.

"அத்தான், ரிச்சி தெருவுல பழைய சிஸ்கோ ரூட்டர் ஒண்ணு சல்லிசா கிடைச்சுது. வந்து கட்டிக் குடுத்துட்டுப் போங்க."

என்னவோ மாட்டைக் கட்டுகிற மாதிரி!

உப்பூர் தெரியுமோ? தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. தலைக்கு மேல் கூரை வேண்டாம், வெயிலே போதும் என்று அமர்ந்திருக்கும் வெயிலுகந்த விநாயகர் ஊர். சேதுவுக்குப் பாலம் போடப் போகுமுன் ராமர் இவரைக் கும்பிட்டுப் போனதாகத் தலபுராணம். நானும் ஒரு தேங்காய் உடைத்தேன். ராமர் போட்டது பிரிட்ஜ். எனக்கு வாய்த்தது ரூட்டர்.

இரண்டும் ஒன்றல்ல. நெட்வொர்க்காரர்கள் பாஷையில் பிரிட்ஜ் என்பது ஒரே தெருவின் இரண்டு துண்டுகளை ஒட்டுவது. ரூட்டர் என்பது இரண்டு வேறு வேறு தெருக்கள் சந்திக்கிற மூலைவீடு. தெருவுக்கு ஒன்றாக அதற்கு இரண்டு வாசல். இன்டர்ஃபேஸ் என்பார்கள். ஒவ்வொரு வாசலுக்கும் அந்தந்தத் தெருவின் கதவு எண் வேண்டும். அதுதான் ஐ.பி. அட்ரஸ்.

லைன்காரர்கள் வைத்த பெட்டி 192.168.1 என்ற தெருவில் இருந்தது. அந்தப் பக்கத்து வாசலுக்கு 192.168.1.2 என்று கொடுத்து, மாஸ்க் 255.255.255.0 என்று அடித்தேன். 'முதல் மூன்று எண்ணும் தெருப்பெயர், கடைசி எண் மட்டுமே கதவு எண்' என்பதுதான் அந்த மாஸ்க்குக்கு அர்த்தம். கடைப் பக்கத்து வாசலுக்குச் சோம்பேறித்தனமாக 192.168.1.10 என்றேன். 'ஓவர்லாப்' என்று முறைத்தது. நியாயம்தானே? இரண்டு வாசலும் ஒரே தெருவில் என்றால் எதை எந்தப் பக்கம் அனுப்பும்? 192.168.2.1 என்று மாற்றியதும் வாயை மூடிக்கொண்டது.

இந்த 192.168 காந்தி ரோடு மாதிரி, ஊருக்கு ஊர் உண்டு. உலகத்துக்கே மொத்தம் சுமார் 430 கோடி அட்ரஸ்தான். பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தே போய்விட்டது. வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள 1996-லேயே சில எண்களை ஒதுக்கிவிட்டதால்தான் பிழைத்தோம். தபால் வெளியே போகும்போது வெளி முகவரியை மாற்றி ஒட்டுகிற வேலைக்கு 'நாட்' என்று பெயர். அதற்கும் நாலு வரி அடித்தேன்.

அப்புறமும் வேலை செய்யவில்லை. அரை மணி நேரம் மண்டையைக் குடைந்தபின் தெரிந்தது: சிஸ்கோ ரூட்டரின் வாசல்கள் பூட்டியே இருக்கும். அதற்கு 'திற' என்று சொல்லக்கூடாது. 'நோ ஷட்டவுன்', அதாவது 'மூடாதே' என்று சொல்லவேண்டும். ஏதோ சர்க்கார் ஆபீஸ் சுற்றறிக்கை படித்து வளர்ந்தவர் கண்டுபிடித்ததாக இருக்கும்.

பச்சை விளக்கு எரிந்தது. மச்சினன் நண்டுக் குழம்போடு சாப்பாடு போட்டான். தூங்கி எழுந்தால் கரன்ட் இல்லை. ஐந்து மணிக்கு வந்தது. ரூட்டர் பச்சைக் குழந்தையாக எழுந்து உட்கார்ந்தது. அட்ரஸ் இல்லை, மாஸ்க் இல்லை, வாசல் இரண்டும் பூட்டு!

அந்த நேரம் பார்த்துத் திருப்பாலைக்குடியிலிருந்து ஒரு பையன், அம்மாவோடு. அம்மா கையில் மஞ்சள் பை, பை நிறைய சர்டிபிகேட். குரூப் 4 விண்ணப்பத்துக்கு அன்றைக்குக் கடைசி நாள். செல்போனில் பண்ணலாமே என்கிறீர்களா? போட்டோவும் கையெழுத்தும் சொன்ன சைஸில் ஏறாமல் தோற்றுப்போய்த்தான் வந்திருந்தான்.

"ரெண்டு வருஷமா இதுக்குத்தான் சார் படிக்கிறேன்" என்றான். அம்மா ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தார். மச்சினனும்.

நாம் அடிப்பதெல்லாம் 'ரன்னிங் கான்ஃபிக்'கில் உட்காரும். கரன்ட் போனால் அதுவும் போச்சு. 'ஸ்டார்ட்டப் கான்ஃபிக்'கில் ஏற்றினால்தான் நிற்கும். அன்றாடச் சிட்டாவில் எழுதியதைப் பேரேட்டில் ஏற்றாத கணக்கு கணக்கே இல்லை என்பது பி.காம். முதல் வருஷப் பாடம். அதில் நான் 82 மார்க்!

கை நடுங்க மறுபடி அடித்தேன். இரண்டு வாசல், இரண்டு தெரு, மாஸ்க், மூடாதே, நாட். கடைசியாக, மறக்காமல், 'காப்பி ரன்னிங் கான்ஃபிக் ஸ்டார்ட்டப் கான்ஃபிக்'. ஏழு மணிக்குப் பையனின் விண்ணப்ப எண் பிரிண்டரில் வந்தது. அம்மா அதை மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் ரூட்டரின் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

"ஐயோ அத்தான்!" என்று மச்சினன் அலறினான்.

"சும்மா இரு மாப்ளே" என்று திரும்பச் சொருகினேன். நாலைந்து நிமிஷம் ஆயிற்று. இரண்டு வாசலும் தாமாகவே திறந்துகொண்டன.

கரன்ட் போகட்டும் என்று காத்திராமல் நாமே பிடுங்கிப் பார்ப்பதற்குப் பெயர் தணிக்கை. அது பி.காம். மூன்றாம் வருஷம். அதில் 41.