பாம்புக்குப் பால் எதற்கு?

நாகைக்கும் நாகத்துக்கும் பெயரிலேயே உறவு! ஆதிசேஷன் இங்கே சிவனை வழிபட்டதாகத் தல புராணம் கூறுகிறது. புற்றில் பால் வார்க்கும் பக்தி இந்த ஊருக்குப் புதிதல்ல.

புற்றில் ஊற்றிய பால் மண்ணோடு போய்விடும். கூடையில் அடைபட்ட பாம்பின் பாடுதான் பரிதாபம்.

பால் பாம்புக்கு உணவே அல்ல. அதற்குச் செரிக்காது. பின் ஏன் குடிக்கிறது? தாகம்! பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு பாலை நீட்டுகிறார்கள். வறண்ட தொண்டை எதைத்தான் வேண்டாம் என்னும்? ஜனங்களோ கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பால் மூச்சுக்குழலில் இறங்கினால் பாம்பு செத்தே போகும்.

அடைபட்ட பாம்பு இரை எடுக்க மறுப்பதும் உண்டு. தோல் உரிக்கும் சமயம், குளிர், புது இடத்து மிரட்சி, எது வந்தாலும் அது பட்டினி கிடக்கும். நல்ல நிலையில் உள்ள பெரிய பாம்பு சில வாரம் தாங்கும். பொறுக்க மாட்டாமல் வாயைப் பிளந்து ஊட்டுவதுதான் ஆபத்து.

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கத்தைப் பாருங்கள். பிடித்த பாம்பைப் பானையில் வைத்து, விஷம் எடுத்து, சில வாரத்தில் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அது அரசு அனுமதியோடு நடப்பது. மற்றவர்கள் நல்ல பாம்பைப் பிடித்து வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வாசலில் மகுடி ஊதினால் பால் கிண்ணத்தை எடுக்காதீர்கள். நாகை வயல்களில் எலிக்கா பஞ்சம்?