இலவச வீடாம், இலவசம்!

“தோட்டத்தில் ஆயுசு முழுக்க இலவச வீடு, இலவசத் தண்ணீர். அப்போதே மிச்சம் பிடித்து வீடு வாங்கியிருக்கலாமே?” கூலிம் வட்டாரத்தில் பாடாங் மேஹா பக்கம் மலிவு வீடு கேட்கும் பழைய பால்மரத் தொழிலாளர்களிடம் இப்படிக் கேட்கிறார்கள்.

லயத்து வீடு இலவசமல்ல. குறைந்த சம்பளத்தை நியாயப்படுத்தக் காட்டிய சாக்கு. தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்பது நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். அதற்கு முன் பல காலம் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலியும் இல்லை. எதில் மிச்சம் பிடிப்பது? 1990இன் தொழிலாளர் வீடமைப்புச் சட்டமும் வேலையில் இருக்கும்வரை தரமான வீடு கொடு என்றதே தவிர, சொந்த வீடு கொடு என்று சொல்லவில்லை. வேலை போனால் வீடும் போச்சு. அறுபது வயதில் வங்கிக்குப் போனால், “மூணு மாசச் சம்பளச் சீட்டு இருக்கா?” என்கிறார்கள்.

சேமிக்காமல் செலவழித்தவர்கள் இல்லையா? உண்டு. எந்த ஊரில் இல்லை?

“அடுக்குமாடி கொடுத்தால் போதாதா?” என்பது அடுத்த கேள்வி. புத்ராஜெயாவுக்காக பிராங் பெசார் முதலிய தோட்டங்களை விட்டவர்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். சுவர் விரிசல் விட்டது. தரைவீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. இங்கேயும் அடுக்குமாடி கொடுத்தால், முட்டி தேய்ந்த பாட்டி நாலாம் மாடி ஏறுவாளா, மருந்துக்கு கூலிம் ஆஸ்பத்திரிக்கு அலைவாளா?

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்தபின் இந்த வட்டார நிலத்தின் மவுசே வேறு. தோட்டம் கைமாறும்போதே தொழிலாளர் வீட்டுக்கு நிலம் ஒதுக்கவும், பக்கத்திலேயே கிளினிக்கும் பஸ்ஸும் வரவும் மாநில அரசு நிபந்தனை போடட்டும். இது தர்மமல்ல, பாக்கி.