படத்தில் இருப்பவர் பெயரைப் போடுங்கள்

கல்லூரிகளில் பலர் கூடிக் கட்டுரை எழுதும் விக்கிப்பீடியா தொடர்தொகுப்பு நிகழ்வு நடத்துவது இப்போது ஒரு சடங்காகி வருகிறது. வாசலில் பதாகை, மேடையில் சிறப்பு விருந்தினர், மதியம் லெமன் சாதம், மாலையில் சான்றிதழ். ‘உள்ளூர்க் கலைஞர்களை உலகறியச் செய்வோம்’ என்று தலைப்பு வைத்துவிட்டால் கைதட்டலுக்குக் குறைவிருக்காது. செய்யாற்றுப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த நிகழ்வுகளை நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. அந்த உரிமையில் சொல்கிறேன்: கணினி முன்னால் மாணவர்களை வரிசையாக உட்காரவைப்பதால் மட்டும் ஒரு கூத்துக் கலைஞர்கூடக் கலைக்களஞ்சியத்துக்குள் வந்துவிட மாட்டார்.

கலைஞர்களுக்காக இப்படிக் கூடி எழுதும் வழக்கத்தைப் பரவலாக்கியவர்கள், 2014இல் நியூயார்க்கில் ‘ஆர்ட் பிளஸ் ஃபெமினிசம்’ இயக்கத்தைத் தொடங்கியவர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் பெண் ஓவியர்களும் சிற்பிகளும் போதிய அளவு இல்லை என்று கண்டு, சேர்ந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் மார்ச் மாதத்தையொட்டி இது நடக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அங்கே ஓர் ஓவியரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவருடைய கண்காட்சிக் கையேடு இருக்கும், பத்திரிகையில் வந்த விமர்சனம் இருக்கும், அவற்றைப் பாதுகாக்கும் நூலகமும் இருக்கும். எடுத்துத் தொகுக்க வேண்டியதுதான் வேலை. நாம் அந்த நிகழ்வை இங்கே கொண்டுவந்தோம். அந்த நூலக அலமாரியைக் கொண்டுவரவில்லை.

எங்கள் கல்லூரியில் முதலில் நடத்திய நிகழ்வு காலையிலேயே முட்டிக்கொண்டது. ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு புதிய கணக்குகளுக்கு மேல் தொடங்க விக்கிப்பீடியா விடாது; விஷமிகளைத் தடுக்கும் ஏற்பாடு. ஏழாவது மாணவரிலிருந்து எல்லோரும் கைபேசியின் சொந்த இணையத்துக்குத் தாவினார்கள். (நடத்தப்போகிறவர்களுக்கு: கணக்குகளை முந்தைய நாளே வீட்டிலிருந்து தொடங்கச் சொல்லிவிடுங்கள்.) தட்டச்சு ஒரு பிரச்சினையாகவே இல்லை. பிள்ளைகள் கைபேசியிடம் பேசியே தமிழில் எழுதிவிடுகிறார்கள்.

சிக்கல் மாலையில் வந்தது. கூத்துக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவி தன் தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தாள். நாற்பது வருஷம் துரியோதனன் வேஷம் கட்டியவர். படுகளத்தில் அவர் விழுகிற காட்சிக்கு அக்கம்பக்கத்து ஊர்களே திரண்டு வரும். கட்டுரையின் தலையில் நீக்கல் வார்ப்புரு, அதாவது நீக்கச் சொல்லும் அறிவிப்பு, விழுந்தது: ‘குறிப்பிடத்தக்கமைக்குச் சான்று இல்லை.’ அவள் வந்து, “மேடம், தாத்தாவைப் பத்தி பேப்பர்ல வந்திருக்கணுமாம். வந்திருக்கு மேடம், நான் கொண்டாறேன்” என்றாள். மறுநாள் கொண்டுவந்தாள். வீட்டில் சட்டம் போட்டு மாட்டிவைத்திருந்த நாளிதழ்ப் படம். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று முழு வேஷத்தில் தாத்தா நடுநாயகமாக நிற்கிறார். கீழே ஒரு வரி: ‘திரௌபதி அம்மன் கோயில் விழாவில் நடைபெற்ற தெருக்கூத்து.’ கோயில் பெயர் இருந்தது, விழாவைத் தொடங்கிவைத்தவர் பெயர் இருந்தது. தாத்தாவின் பெயர் இல்லை.

வார்ப்புரு போட்ட தன்னார்வலர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாத்தாவைப் பற்றிப் பேத்தி எழுதினால் வேறொருவர் எழுதிய சான்று கேட்பதுதான் முறை. கேட்காவிட்டால் ஊரில் உள்ள அத்தனை வட்டச் செயலாளர்களும் களஞ்சியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஆங்கிலத்திலும் இந்தக் கதை உண்டு. டோனா ஸ்டிரிக்லேண்ட் என்ற கனடா நாட்டு இயற்பியலாளர் பற்றிய வரைவு, சுதந்திரமான சான்றுகள் போதவில்லை என்று 2018 மே மாதம் திருப்பி அனுப்பப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அன்றைக்குத்தான் பக்கம் வந்தது. களஞ்சியம் தானாக யாரையும் கண்டுபிடிப்பதில்லை; பிறர் அச்சிட்டதைத்தான் எடுத்து வைக்கிறது.

நம் ஊரில் நோபலின் இடத்தில் பத்ம விருது. விராலிமலை முத்துக்கண்ணம்மாள் அவ்வூர் முருகன் கோயிலில் சதிராடிய கடைசித் தலைமுறை. 2022இல் பத்மஸ்ரீ வந்த பிறகுதான் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேள்விப்பட்டார்கள். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் தெருக்கூத்தின் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் 2025இல் கொடுத்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் டில்லியிலிருந்து பட்டியல் வரும்வரை காத்திருப்பது என்றால், வருஷத்துக்கு ஒருவர் இருவர் தேறுவார்கள்.

புரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். செய்யாற்றுக்குப் பக்கத்து ஊர்தான். அவ்வூர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானைப் பற்றி எழுத உட்காரும் மாணவருக்குச் சான்றுக்குப் பஞ்சமில்லை. காரணம், நாடக ஆசிரியர் ந.முத்துசாமி அவருடைய கூத்தைப் பார்த்து வியந்து, திரும்பத் திரும்ப எழுதினார். முத்துசாமியின் நாடகக் குழுவான கூத்துப்பட்டறைக்காரர்கள் பேசினார்கள். அதுபோலத்தான் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலிலும்: பெ.ராஜகோபாலும் அவர் மனைவி ஹன்னா டி புரூயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டப் பழகினார்கள். ஹன்னாவின் ஆய்வுகள் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன. எழுதத் தெரிந்த ஒருவர் வந்துபோன ஊருக்கு வரலாறு இருக்கிறது. அதே பாட்டை, அதே அடவை, இருபது கிலோமீட்டர் தள்ளி ஆடிய ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, இல்லை. ஆட்டத்தில் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

சான்று இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தமிழ்த் துறைகளின் அலமாரிகளைத் திறந்து பாருங்கள். நாட்டுப்புறவியல் ஆய்வேடுகள் அடுக்கடுக்காக இருக்கும். எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்ட பிறகு அந்த ஏடுகளைத் தொடுகிறவர்கள் இல்லை. அவற்றின் பின்னிணைப்பில் ‘தகவலாளர் பட்டியல்’ என்று ஒன்று வரும்: பெயர், வயது, ஊர், தொழில், பல ஏடுகளில் சாதியும். முந்நூறு பக்கமும் யாருடைய கலையைப் பற்றியதோ, அவருக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. தொழில் என்ற இடத்தில் ‘விவசாயக் கூலி’. ஆய்வாளர் முனைவர் ஆகிவிட்டார், கலையைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் தகவலாளர் ஆகிவிட்டார். இருந்தாலும் அந்த ஒரு வரி பொன். வயதும் ஊரும் ஆய்வு நடந்த ஆண்டும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

அடுத்தது கோயில் நோட்டீஸ். அதையே பெரிய சான்றாக விக்கிப்பீடியா ஏற்காது, சரிதான். ஆனால் யார் எந்த ஆண்டு எந்த ஊரில் ஆடினார் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. நாடக மன்றத்தின் பெயர், ஆசிரியர் பெயர், ‘அர்ச்சுனன் தபசு’ எந்த இரவு, எல்லாம் இருக்கும். தேதியில்தான் கவனம் வேண்டும். பிரபவ வருஷம் என்று மட்டும் போட்டிருந்தால் 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வருகிறதே. அச்சகத்தின் தொலைபேசி எண் எத்தனை இலக்கம் என்று பார்த்து எங்கள் மாணவர்கள் காலத்தைக் கணிக்கப் பழகிவிட்டார்கள். துப்பறியும் கதை படித்த தலைமுறை இல்லை என்றாலும் இந்த வேலையில் ருசி கண்டுவிட்டார்கள்.

எனவே எங்கள் நிகழ்வின் வரிசையை மாற்றிவிட்டோம். கணினி அறை கடைசியில். அதற்கு முன்பு மாணவர்கள் நோட்டீஸ் திரட்டுகிறார்கள், ஆய்வேடு புரட்டுகிறார்கள், மாவட்டக் கலை மன்றம் கொடுத்த கலைச்சுடர்மணி, கலைநன்மணி, கலைமுதுமணி விருதுப் பட்டியல்களைத் தேடுகிறார்கள். ஒரு நாளில் ஐம்பது அரைகுறைக் கட்டுரை எழுதி ஐம்பதும் நீக்கப்படுவதைவிட, சான்றோடு நான்கு நின்றால் போதும். எண்ணிக்கை காட்டிப் பரிசு வாங்கும் போட்டிகளில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

வாய்மொழியையே சான்றாக ஏற்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2011இல் அச்சல் பிரபாலா என்பவர் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில் அதற்கு ஒரு முயற்சி செய்தார். பதிவுசெய்த பேட்டிகளையே மேற்கோளாகக் காட்டும் முறை. நியாயமான யோசனை, ஆனால் விக்கிப்பீடியாவில் அது பொது வழக்கமாக வேர்விடவில்லை. அது வரும்வரை இந்தத் தலைமுறைக் கலைஞர்கள் இருக்க மாட்டார்கள்.

ஆகவே என் கோரிக்கை விக்கிப்பீடியாவிடம் அல்ல, நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த நாளிதழ் போன்றவற்றிடம். மாவட்டச் செய்தியாளர்களே, கூத்தோ கரகமோ பறையோ படமெடுத்தால் ஆடியவர் பெயரைக் கேளுங்கள். பெயர், ஊர், வயது, ஜமா, கற்றுக்கொடுத்தவர். எழுத ஒரு நிமிஷம். அச்சில் இரண்டு வரி. கரகாட்டப் பெண்கள் என்றால் நோட்டீஸில் போட்ட மேடைப் பெயரோடு நிற்காமல் சொந்தப் பெயரையும், அவர்கள் சம்மதித்தால், போடுங்கள். விழாவைத் தொடங்கிவைத்தவருக்கு ஒதுக்கும் இடத்தில் கொஞ்சம் குறைத்தாலே இது கிடைத்துவிடும்.

வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் ஊரில் பாரதக் கூத்து வைத்தால், அந்த நோட்டீஸைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் ஆங்கிலத் தேதியை எழுதி, ஒரு பிரதியை ஊர்ப்புற நூலகத்திலோ பக்கத்துக் கல்லூரித் தமிழ்த் துறையிலோ கொடுத்துவையுங்கள்.