மே மாதத்து மணிப்பூ



பாரிஸில் இருக்கும் என் தங்கச்சி அனுப்பிய பார்சலில் இம்முறை ஒரு சின்னச் சென்ற் போத்தலும் இருந்தது. பெயர் டியோரிசிமோ. "அக்கா, அலுமாரிக்குள் பூட்டி வைக்காமல் பூசுங்கோ" என்று துண்டில் எழுதியிருந்தாள். என் குணம் அவளுக்குத் தெரியும்.

லில்லி ஒஃப் த வலி என்ற பூவின் வாசம் அது. பெயரில்தான் லில்லி. குடும்பத்தால் சாத்தாவாரிக்குச் சொந்தம். குளிர் நாட்டுச் செடி, சின்னச் சின்ன வெள்ளை மணிகள் கோத்ததுபோலப் பூக்கும். பிரான்சில் மே 1ஆம் திகதி இதை ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்த்துச் சொல்வார்கள். 2009க்குப் பிறகு மே மாதம் எங்களுக்கு வேறு மாதிரி. அதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

புதினம் என்னவென்றால், போத்தலுக்குள் அந்தப் பூவே இல்லை. மல்லிகையில் எடுப்பதுபோல இதிலிருந்து வாசனையைப் பிரித்தெடுக்க அந்தக் காலத்தில் முடியவில்லை. எட்மண்ட் ருட்னிற்ஸ்கா என்ற வாசனைக் கலைஞர் கிராஸ் நகருக்கு அருகே தமது தோட்டத்தில் இந்தச் செடியை வளர்த்து, முகர்ந்து முகர்ந்து, வேறு பொருட்களைச் சேர்த்து அந்த மணத்தைக் கொண்டுவந்தார். 1956இல் விற்பனைக்கு வந்தது.

ஒரு பின்னேரம் குளித்துவிட்டு மணிக்கட்டில் ஒருதரம் அடித்தேன். முதலில் கிள்ளிய பச்சை இலையின் மணம். கொஞ்ச நேரத்தில் பூ வந்தது, மழை விட்ட காலைபோல ஈரமாக, ஓரத்தில் மல்லிகையும். எங்கள் வெயிலுக்கு இப்படியான மெல்லிய வாசம் நிற்காது. இரண்டு மணித்தியாலத்தில் கையில் ஒன்றுமில்லை. ஆனால் பருத்திச் சீலைத் தலைப்பில் பட்டது மறுநாள் காலையும் இருந்தது. ஆகவே துணியில் அடிப்பதே இலாபம். பட்டில் வேண்டாம், கறை பிடிக்கும்.

ஷெல் காயத் தழும்பிலோ எரிகாயத் தோலிலோ அடிக்காதீர்கள். உள்ளே இருப்பது மதுசாரம். புதிதாக வாங்கினால் முழங்கை மடிப்பில் ஒரு துளி பூசி ஒரு நாள் பாருங்கள், சிலருக்குக் கடிக்கும். இந்தப் பூவின் மணத்துக்கு முன்பு சேர்த்துவந்த லிலியல் என்ற பொருளை, கருவளத்தைப் பாதிக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் தடை செய்துவிட்டது. பழைய போத்தல்கள் மலிவாக வந்தால் கவனம்.

சீலையில் மணத்தோடு முற்றத்துக்கு வந்தபோது பக்கத்து வீட்டு மாமி, "என்ன பிள்ளை, எங்கை வெளிக்கிட்டனீ?" என்றா. இவர் காணாமற் போனதிலிருந்து நான் பூ வைப்பதில்லை. பொட்டு வைப்பதா விடுவதா என்பதே இன்னும் முடிவாகவில்லை. முகம் சூடாகிவிட்டது.

"ஒரு இடமும் இல்லை மாமி. சும்மா, எனக்குத்தான்."

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வேலிக்கு மேலால் கையை நீட்டினா. "எனக்கும் ஒருக்கா அடி பாப்பம்."

அடித்துவிட்டேன். மணிக்கட்டை மூக்கில் வைத்தபடியே அடுப்படிக்குப் போனா.