சிக்கரியைச் சொல்லி விற்கிறோம். செம்பையும் சொல்லி விற்கட்டும்



பலசரக்கு மொத்த வியாபாரிக்கு இண்டர்நெட் கம்பியைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நம்மில் சிலர் கேட்கலாம். மாதா மாதம் தவறாமல் பணம் கட்டுகிறேன் என்பதுதான் என் தகுதி. காசு கொடுத்து வாங்கும் சரக்கு என்ன சரக்கு என்று கேட்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. நாற்பது வருடமாக மதுரை கீழமாசி வீதியில் நான் செய்கிற வேலையே அதுதான்.

முன்பெல்லாம் டெலிபோன் கெட்டுப்போனால் ஆர்டர் மட்டும்தான் தாமதப்படும். இன்று நிலைமை வேறு. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளிமாநிலம் போக வேண்டுமானால் இ-வே பில் வேண்டும். வருட விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் வியாபாரிக்கு வியாபாரி போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் வேண்டும். இரண்டும் கம்ப்யூட்டரில்தான் வரும். இணைப்பு இல்லையென்றால் லாரி நகராது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் “ஃபைபர் பிராட்பேண்ட், 100 எம்.பி. வேகம் வரை” என்று நோட்டீஸ் கொடுத்துப் போனார்கள். பழைய இணைப்பைவிட மாதம் முந்நூறு ரூபாய் கூடுதல். ஃபைபர் என்றால் கண்ணாடி இழை, மழைக்கும் இடிக்கும் அசையாது என்று பையன் சொன்னான். சரி என்று ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். ஓணத்துக்கு முந்திய வாரம் நல்ல மழை. குமுளி வழியாகப் போக வேண்டிய பருப்பு லோடு வாசலில் நிற்கிறது. இணைப்பு வருகிறது, போகிறது. பில் பாதியில் நிற்கிறது. கடைசியில் கணக்குப்பிள்ளை காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தெருக் கடைக்கு ஓடி, அங்கே உட்கார்ந்து பில் போட்டு வந்தார். லாரி புறப்பட நான்கு மணி நேரம் தாமதம். டிரைவருக்குக் காத்திருப்புக் கூலி கொடுத்தேன். கேரளத்து வியாபாரியிடம் பேச்சும் வாங்கினேன்.

மறுநாள் பழுது பார்க்க ஒரு தம்பி வந்தார். கம்பத்தில் ஏறி இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னார்: “அண்ணாச்சி, ஃபைபர் தெருமுனைப் பெட்டி வரைக்கும்தான் வருது. அங்கேயிருந்து உங்க கடைக்கு வர்றது பழைய டெலிபோன் கம்பிதான். அதுல ஒட்டுப்போட்ட இடத்துல தண்ணி இறங்கியிருக்கு.”

அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவராவது சொன்னாரே! நோட்டீஸில் அந்த விவரம் ஒரு வரி கூட இல்லை.

செம்புக் கம்பிக்கும் கண்ணாடி இழைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டவரையில் எழுதுகிறேன். கண்ணாடி இழையில் போவது வெளிச்சம். செம்பில் போவது மின்சாரம். வெளிச்சத்தைப் பக்கத்தில் உள்ள மின்கம்பி கெடுக்காது. டெலிபோன் கம்பியில் தூரம் கூடக்கூட வேகம் குறையும். பெட்டிக்கு ஐம்பது மீட்டரில் உள்ள கடைக்கும், எண்ணூறு மீட்டரில் உள்ள கடைக்கும் ஒரே கட்டணம். ஆனால் கிடைக்கும் சரக்கு ஒன்றல்ல. கடை வரை கண்ணாடி இழை வந்தால் ஊருக்குள் இந்தத் தூரக் கணக்கு பெரிதாகக் கிடையாது. மேலும், செம்புக்கு மாற்றித் தரும் தெருமுனைப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். அது படுத்தால் நம் கடையில் இன்வெர்ட்டர் இருந்தும் பிரயோசனம் இல்லை.

செம்பு விஷம் என்று நான் சொல்லவில்லை. ஒரே கட்டடத்துக்குள் மாடி வரை கண்ணாடி இழை கொண்டுவந்து, அங்கிருந்து நல்ல தரமான எட்டுக் கம்பிக் கேபிளில் கொடுத்தால் இணைப்பு நன்றாகவே ஓடும். பழைய டெலிபோன் கம்பியே போதும் என்பவர்களும் உண்டு. குறை கம்பியில் இல்லை, பெயரில் இருக்கிறது.

சிக்கரியும் விஷம் அல்ல. சிக்கரி கலந்த காப்பியை விரும்பிக் குடிப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? காப்பி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு எண்ணெய் கலந்தால் கலப்பு எண்ணெய் என்று போட வேண்டும். எது எவ்வளவு என்றும் போட வேண்டும். வனஸ்பதியை நெய் என்று விற்க முடியுமா? 1954-ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டம் 2011-இல் புதிய சட்டம் வரும் வரை நம் தலைக்கு மேல் தொங்கியது. குற்றம் நிரூபணமானால் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் சிறை. மூடி முத்திரையிட்ட பெருங்காய டப்பாவில் குறை இருந்தால் கூட, விற்ற சில்லறைக் கடைக்காரர் கோர்ட்டுக்கு அலைந்த காலம் அது. நூறு கிராம் பொருளுக்கு நமக்கு அவ்வளவு கட்டுப்பாடு. பல லட்சம் பேரிடம் மாதச் சந்தா வாங்கும் கம்பெனிகளுக்கு ஒரு வரி எழுதுவது பாரமா?

நாமும் சுத்தம் அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1984, 85 வாக்கில் எங்கள் கடையில் “சுத்தமான காப்பித்தூள்” என்று போர்டு வைத்திருந்தோம். அதில் சிக்கரி இருந்தது. எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் சில்லறைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் என் அப்பாவிடம், “காப்பி விலையைச் சொல்லிட்டீங்க, அதுல இருக்கற சிக்கரிக்கு என்ன விலை போட்டீங்க?” என்று கேட்டார். அப்பா பதில் பேசவில்லை. சாயங்காலம் போர்டைக் கழற்றச் சொன்னார். மறுநாள் இரண்டு போர்டு வந்தது. ஒன்றில் “தனிக் காப்பி”, இன்னொன்றில் “காப்பி 80, சிக்கரி 20”. இரண்டுக்கும் இரண்டு விலை. வியாபாரம் போய்விடும் என்று நான் சண்டை போட்டேன். போகவில்லை. கலப்பைக் கேட்டு வாங்கினவர்கள் கலப்பையே வாங்கினார்கள். தனிக் காப்பிக்கும் புதிதாக ஆள் வந்தது. அதுவரை அதைத் தனியாகக் கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஓணத்து லாரிக் கதையை லண்டனில் வேலை பார்க்கும் என் தம்பி மகனிடம் போனில் சொன்னபோது அவன் சிரித்தான். “பெரியப்பா, இங்கே இந்தச் சண்டை கோர்ட் வரைக்கும் போய் வந்தது” என்றான். விசாரித்தால் உண்மைதான். பிரிட்டனிலும் தெருமுனைப் பெட்டி வரை கண்ணாடி இழை, வீட்டுக்குச் செம்பு, விளம்பரத்தில் “ஃபைபர்” என்றே பல வருடம் ஓடியது. அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் இதை ஆராய்ந்து, ஜனங்கள் அந்தச் சொல்லைப் பார்த்து ஏமாறவில்லை, அது பல விளம்பரச் சொற்களில் ஒன்று என்று 2017-இல் முடிவு சொன்னது. வீடு வரை கண்ணாடி இழை போடும் சிட்டிஃபைபர் என்ற கம்பெனி அதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2019-இல் தோற்றது. ஆனாலும் விஷயம் அடங்கவில்லை. தொலைத்தொடர்பை மேற்பார்வை செய்யும் ஆஃப்காம் அமைப்பு, எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை முழுவதும் கண்ணாடி இழை இருந்தால்தான் இணைப்பு வாங்க வருபவரிடம் அதை “ஃபைபர்” என்று சொல்ல வேண்டும் என்று 2024 செப்டம்பர் 16 முதல் நெறிமுறை கொண்டுவந்தது. மற்றதைப் பாதி ஃபைபர், செம்பு, கேபிள் என்று உள்ளபடி சொல்ல வேண்டும்.

பிரான்ஸ் தேசத்தில் 2016-லேயே, கடைசித் துண்டு ஃபைபர் இல்லையென்றால் அதை விளம்பரத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்று அரசாங்கம் ஆணை போட்டது. இத்தாலியில் 2018-இல் வந்த ஏற்பாடு நம் கடைக்காரர்களுக்கு உடனே புரியும். முழு ஃபைபருக்குப் பச்சை முத்திரை, பாதி ஃபைபருக்கு மஞ்சள், ஃபைபரே இல்லாததற்குச் சிவப்பு. நம் பாக்கெட்டில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி இருப்பது போலத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்துவிடும்.

இதில் சிட்டிஃபைபர் கம்பெனியின் வழக்கை நாம் கவனிக்க வேண்டும். கலப்பை அசல் பெயரில் விற்றால் நஷ்டம் வாங்குபவருக்கு மட்டும் அல்ல. செக்கில் ஆட்டிய அசல் நல்லெண்ணெயை வைத்துக்கொண்டு ஈ ஓட்டும் வியாபாரிக்கும் நஷ்டம். செலவு செய்து கடை வாசல் வரை கண்ணாடி இழை இழுத்துத் தரும் கம்பெனிகள் இன்று நம் ஊரிலும் உண்டு. பாதிச் சரக்குக்கும் முழுச் சரக்குக்கும் ஒரே பெயர் என்றால் அவர்கள் எதற்காகச் செலவு செய்ய வேண்டும்?

நம் தேசத்துக்கு இந்தப் பெயர்க் குழப்பம் புதிது அல்ல. 2016-இல் ஏர்டெல் கம்பெனி “வி-ஃபைபர்” என்ற சேவையை முதலில் சென்னையில்தான் தொடங்கியது. இருக்கிற செம்புக் கம்பியிலேயே வேகத்தைக் கூட்டும் தொழில்நுட்பம் அது. பழைய இணைப்பைவிட வேகம் கூடியது நல்ல விஷயம்தான். ஆனால் பெயரைப் படிக்கிற சாதாரண ஆள் என்ன நினைப்பார்? மத்திய அரசு 2023 ஜனவரியில் பிராட்பேண்ட் என்பதற்குப் புதிய இலக்கணம் வகுத்து, குறைந்தபட்ச வேகத்தை 2 எம்.பி. ஆக்கியது. அந்த இலக்கணம் வேகத்தைச் சொல்கிறது. கம்பி எதனால் ஆனது என்பதைச் சொல்லவில்லை.

வேகம் கிடைத்தால் போதாதா, கம்பி எதுவானால் என்ன என்று கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள். ருசி இருந்தால் போதாதா, சிக்கரி எவ்வளவானால் என்ன என்று நாம் கேட்டால் அதிகாரி விடுவாரா? அதோடு நோட்டீஸில் போட்டிருப்பது “100 வரை” என்றுதான். அந்த “வரை” எப்படிப்பட்ட சொல் என்பது ஆடித் தள்ளுபடி போர்டு எழுதின நமக்குத் தெரியாததா?

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. தொலைபேசிக் கம்பெனிகள் மீது நுகர்வோர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் வழக்கு, புகார் எல்லாம் பணம் கட்டின பிறகு. கட்டுவதற்கு முன்பு நாம் செய்யக்கூடியது இருக்கிறது.

இணைப்பு விற்க வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, என் கடைக்குள் நுழையும் கம்பி கண்ணாடி இழையா, செம்பா? இரண்டு, செம்பு என்றால் பெட்டி எங்கே இருக்கிறது, எத்தனை மீட்டர் தூரம்? மூன்று, இதை பில்லில் எழுதித் தருவீர்களா? மூன்றாவது கேள்வியில் பாதிப் பேர் விழித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஏற்கெனவே இணைப்பு உள்ளவர்கள் தெருவிலிருந்து உள்ளே வரும் கம்பியின் நுனியைப் பாருங்கள். பழைய டெலிபோனில் செருகுவது போன்ற சிறிய கண்ணாடி நிறக் கிளிப் என்றால் அது செம்பு. அதைவிட அகலமான கிளிப், உள்ளே எட்டுக் கம்பி என்றால் அதுவும் செம்புதான். மெல்லிய கம்பியின் நுனியில் பச்சை அல்லது நீல நிறத்தில் சிறிய சதுர பிளக் இருந்து, அது சுவரில் உள்ள சின்னப் பெட்டிக்குள் போனால் அது ஃபைபர். அந்த பிளக்கைக் கழற்றி நுனியைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம். வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். வருகிற மே 5 வணிகர் தின மாநாட்டில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும். கடைசித் துண்டு எந்தக் கம்பி என்பதை விளம்பரத்திலும் பில்லிலும் தமிழில் அச்சிட வேண்டும். வாசல் வரை ஃபைபர் இருந்தால் மட்டுமே ஃபைபர் என்ற பெயர். மற்றதற்கு வேறு பெயர், வேறு விலை. இதை டிராய் அமைப்புக்கும் மத்திய அமைச்சகத்துக்கும் அனுப்ப வேண்டும்.

தீர்மானத்தைக் கொண்டு போவதற்கு முன்பு நம் கடை போர்டுகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். தீப எண்ணெயை நல்லெண்ணெய் ஜாடைக்கு அடுக்கி வைத்திருந்தால் இன்றே தனியாக எடுத்து வையுங்கள். கேட்கப் போகிற நம்மைப் பார்த்து, “அண்ணாச்சி, உங்க சிக்கரிக்கு என்ன விலை?” என்று யாரும் திருப்பிக் கேட்டுவிடக் கூடாது.