ஐந்து பக்கத்திற்குத் தமிழ் இல்லையா?

"தமிழில் அறிவியல் சொல்ல முடியுமா?" என்று வினவுவோர் கூட்டம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அவர்களை நாம் திருப்பிக் கேட்க வேண்டுவது வேறொன்று. தமிழ்மண்ணில், தமிழ்மக்கள் வரிப்பணத்தில் கண்டறியப்பட்ட ஓர் அறிவியல் உண்மையைத் தமிழனுக்குத் தமிழிற் கூறாது விட்டவர் யாவர்?

கோ. நா. இராமச்சந்திரனாரை நினைந்தே இதனை எழுதுகின்றேன். 1922இல் எர்ணாகுளத்திற் பிறந்தவர், திருச்சி தூய வளனார் கல்லூரியிற் பயின்றவர், பெங்களூரில் ச. வெ. இராமனிடமும் பின்னர்க் கேம்பிரிட்சிலும் ஆய்வு பழகியவர். 1952இல் துணைவேந்தர் இலக்குமணசாமியார் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபொழுது அவருக்கு அகவை முப்பதை ஒட்டியே இருந்தது. பெரும் பொறிகளோ பழம்பெருமையோ இல்லாத புதுத்துறை அது. சென்னைக்கு வந்திருந்த பெர்னால் என்னும் ஆங்கில அறிஞர், தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உரந்தரும் கொலாசன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று சொல்லிப் போனார். கொலாசன் எனில் பசை தருவது; நாம் பசைப்புரதம் என்போம். அடுத்திருந்த நடுவண் தோல் ஆய்வு நிறுவனத்தின் துணையோடு, கங்காரு வால் நாணினை ஊடுகதிர்கொண்டு ஆய்ந்து, கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் 'நேச்சர்' இதழில் விடை எழுதினார் இராமச்சந்திரனார். மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு அது. அவ்விழைகள் ஒன்றையொன்று முறுக்கிக் கிடக்கும் என்று 1955இல் திருத்தியும் உரைத்தார். கயிறு திரிக்கும் நம் உழவன் இதனைப் பார்த்த மாத்திரத்தில் முப்புரி என்பான். சொல் நம்மிடம் ஆயிரம் ஆண்டாய்க் காத்துக்கிடக்க, கட்டுரை மட்டும் ஆங்கிலத்தோடு நின்றுவிட்டது!

பின்னர் நடந்ததுதான் சுவை மிக்கது. கேம்பிரிட்சிலிருந்து கிரிக்கும் இரிச்சும் மறுப்பெழுதினர். சென்னையார் வகுத்த அமைப்பில் சில அணுக்கள் அளவிற்கு மீறி நெருங்குகின்றன என்றனர். மற்றொருவராயின் சினந்திருப்பார்; அன்றி வாயடங்கியிருப்பார். இவரோ, 'எவ்வளவு நெருங்கலாம்? அதற்கு எல்லை யாது?' என்று அடிப்படையையே ஆராயப் புகுந்தார். அவ்வாராய்ச்சியின் விளைவே 1963இல் இராமகிருட்டிணன், சசிசேகரன் என்னும் இருவருடன் அவர் வெளியிட்ட கட்டுரை. அது ஐந்தே பக்கம். புரத ஆய்வாளர் உலகெங்கும் எடுத்துக்காட்டும் 'இராமச்சந்திரன் வரைபடம்' அதிற்றான் பிறந்தது. 1968இல் சசிசேகரனுடன் எழுதிய நெடுங்கட்டுரையும் அதற்கிணையாக மேற்கோள் காட்டப்பெறுவது. இன்றும் புதிதாய் ஒரு புரதத்தின் வடிவைக் கண்டோம் என்பார், அவ்வரைபடத்தில் இட்டுப் பார்த்தே அது சரியா பிழையா என்று தேர்கின்றனர்.

நான் இயற்பியல் கற்றவனல்லன், தமிழாசிரியன். ஆயினும் மங்கலம்பேட்டையில், முதுகுன்றத்துக் களிமண்ணை உருட்டி, ஈர்க்கினாற் கோத்து, அவ்வரைபடத்தின் கருத்தைப் பிள்ளைகட்குக் காட்டியிருக்கின்றேன். புரதம் என்பது அமினோக் காடிகளை மணிகளாகக் கோத்த மாலை. மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள பிணைப்பு தட்டையானது, திரும்பாது. ஒவ்வொரு மணியின் நடுக்கரியணுவிற்கு இருமருங்கும் உள்ள இரு பிணைப்புகளே திரும்பும். அவ்விரு திருப்பங்களையும் இரு கோடுகளில் 360 பாகையாகக் குறித்துக் கட்டம் போடு. அணுக்களைக் கெட்டி உருண்டைகள் என்று கொள். எங்கெங்கு உருண்டையோடு உருண்டை முட்டுகிறதோ, அதனை அடித்துவிடு. கட்டத்தின் பெரும்பகுதி விலக்குநிலமாய்ப் போக, எஞ்சுவன சில தீவுகளே. இயற்கையின் புரதங்கள் பெரிதும் அத்தீவுகளிலேதான் குடியிருக்கின்றன. இதில் எந்த வரி தமிழுக்கு அடங்காதது? குயவர் பிள்ளைக்கு ஒரு பாடவேளையில் விளங்கிற்று.

"உலகம் மேற்கோள் காட்ட வேண்டுமெனில் ஆங்கிலத்தில்தானே எழுத வேண்டும்?" என்பர். எழுதட்டும், யார் தடுத்தார்? சப்பானியர் கோபயாசியும் மசுகாவாவும் 1973இல் எழுதிய கட்டுரை துகளியலில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பெறுவனவற்றுள் ஒன்று. அதுவும் ஆங்கிலத்திலேதான் வந்தது. ஆனால் 2008இல் நோபல் பரிசு பெற்ற மசுகாவா, அப் பேரவையிலே தம் தாய்மொழியிற் பேசினார். உலகிற்குச் சொல்ல ஒரு மொழி. கற்கவும் எண்ணவும் தம்மவர்க்குச் சொல்லவும் தம் மொழி. நம்மவர் முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதை மறந்தனர். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிரீன் என்னும் அமெரிக்கர் மருத்துவம் முழுவதையும் தமிழிற் கற்பித்து நூலும் செய்தாரே, அவர்க்கு எந்தச் சொல் கிடைக்காமற் போயிற்று?

இராமச்சந்திரனாரும் பழிக்குத் தப்பியவரல்லர். பெங்களூர் சென்றபின், 1971இல் இலக்குமிநாராயணனுடன் ஊடுகதிர்ப் படங்களினின்று முப்பரிமாண வடிவைக் கணிக்கும் விரைவழி கண்டார். அதுவும் பெரும்புகழ் பெற்றது. பிற்காலத்தில் ஏரணத்தில் இறங்கியவர், அருகர் நெறியிலிருந்து கருத்தெடுத்துச் 'சியாத் நியாயம்' என வடமொழிப் பெயர் வைத்தார். அருகர் ஏரணம் பேசும் நீலகேசி தமிழில் இருப்பதை அவர்க்கு யாரும் சொல்லவில்லை போலும். நாமாவது சொன்னோமா?

இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு, அன்பர்களே! 'அமிலமா காடியா' என்று பத்தாண்டு பூசலிட்டோம். ஐந்து பக்கத்தைப் பெயர்த்தெழுத ஒருவர் முன்வந்தோமில்லை. 2001இல் சென்னையிலேயே அவர் மறைந்தார். நோபல் பரிசு கிட்டவில்லையே என்று ஆங்கில ஏடுகள் இரங்கின. அவ்விரக்கத்தைச் சுவீடன் நாட்டாரிடம் விட்டுவிடுவோம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிடம் நாம் கேட்பது எளிது: பொதுப்பணத்தில் ஆய்ந்து வெளியிடும் ஒவ்வோர் ஆங்கிலக் கட்டுரையோடும் தமிழ்ச்சுருக்கம் இரண்டு பக்கம் சேர்த்து வெளியிடுக. அஃதின்றிப் பட்டமும் இல்லை, பணியுயர்வும் இல்லை என்று விதி செய்க.

1963ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தமிழாக்கும் வேலையை இங்கே இருவர் தொடங்கியுள்ளோம். தலைப்பே தகராறு செய்கின்றது. 'புரத இழைகளின் திருப்ப நிலைகள்' என்று எழுதி வைத்துள்ளோம். வேதியியல் கற்ற அன்பர் எவரேனும் இதனினும் நல்லது தந்தால், அடுத்த இதழுக்குள் எழுதியனுப்புக.