கொல்வது முனியல்ல!

பேசி முடித்து மேடையை விட்டு இறங்கியதும் தோழர்கள் நம் கையில் ஒரு சோடாவைத் திணிப்பார்கள். ஆம்பூரிலே வயிறார பிரியாணி உண்டவர் தேடுவதும் அதைத்தான். 'புஸ்' என்று சீறிக் கிளம்புகிறதே, அது என்ன? கரியமிலவாயு! அதை அழுத்தித் தண்ணீரிலே கரைத்தால் கார்பானிக் அமிலம்; நாக்கைக் கிள்ளும் சுருக்கு அதன் வேலை. நாம் விடும் மூச்சிலும் நூற்றுக்கு நாலு பங்கு இந்த வாயுதான்.

தோல் பதனிடும் தோழர்களுக்கு இது புதிதல்ல. சுண்ணாம்புத் தொட்டியின்மேல் பாலாடைபோல் வெள்ளை ஏடு படர்கிறதே, காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டதன் அடையாளம் அது. காளவாயிலே வெந்தபோது கல் இழந்ததைத் தொட்டியிலே திரும்பப் பெறுகிறது!

இத்தனை சாதுவான வாயு ஆளைக் கொல்லுமா? கொல்லும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். பள்ளம் கண்ட இடத்தில் தங்கும். பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கியவன் சுருண்டு விழுந்தால், "முனி அடித்துவிட்டது" என்றார்கள். பூசாரிக்குக் கோழி கிடைத்தது. விதவைக்கு என்ன கிடைத்தது? ஆப்பிரிக்காவிலே, காமரூன் நாட்டின் நியோஸ் ஏரி 1986 ஆகஸ்டு 21 இரவு கரியமிலவாயுவைக் கக்கியது. ஏறத்தாழ 1,700 பேர் மாண்டனர். அங்கே எந்த முனி போனான்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புளியமரத்தடியில் படுத்தவனை அமுக்குவது பேயல்ல, மரம் விடும் கரியமிலவாயு என்று நாமும் மேடையில் முழங்கியதுண்டு. அதுவும் தவறே! இரவில் மரம் விடுவது சொற்பம். வீசும் காற்று அதைக் கலைத்துவிடும்.

கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் பெரியவர்கள் கண்ட வழி. சுடர் அணைந்தால் ஆள் இறங்கமாட்டான். ஆனால் தோல் சாலையின் கழிவுத் தொட்டிக்கு அந்தச் சோதனை ஆகாது, தோழர்களே! அங்கே மீத்தேன் இருந்தால் விளக்குப் பட்டதும் வெடிக்கும். மயிர் நீக்க இடும் சோடியம் சல்பைடு, அமிலக் கழிவோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது சுடரை விட்டுவிட்டு ஆளை அணைக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு மிஞ்சினாலோ மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இறங்குடா" என்று மேஸ்திரி சொல்லும் நேரம், சாவு நெருங்கிய நேரம்! ஒருவன் விழ, தூக்கப் போனவன் விழ, அவனைத் தூக்கப் போனவனும் விழுகிறான். இறங்குகிறவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

சட்டம் இல்லையா? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவே எழுதியது: வாயுவைச் சோதித்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தரவேண்டும், இல்லையேல் மூச்சுக்கருவியும் கயிறு பூட்டிய வாரும், மேலே கயிற்றைப் பிடிக்க ஆளும் வேண்டும். சாக்கடையிலும் மலக்குழியிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்கினால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை. சாக்கடையில் மாண்டவன் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. செத்தபின் 30 லட்சம்! இறங்குமுன் வாயுவை அளக்கும் கருவியோ உள்ளங்கைக்குள் அடங்குவது.

ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை, தொட்டியின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் நம் தோழன் ஒன்றைக் கேட்கட்டும்: "அளந்த காகிதம் எங்கே?" இல்லையென்றால் மேலேயே நிற்கட்டும், சங்கத்துக்கு ஆள் அனுப்பட்டும். வெறுங்கயிற்றை நீட்டும் கையோடு நாம் பேசிக்கொள்கிறோம்.